பரிசீலனையில் இருக்கும் தேள்

விடுதி விதிகள், பத்தி ஏழு: "உடலில் பச்சை குத்திக்கொண்டவர்கள் பொதுக் குளியல் குளத்தில் இறங்கலாகாது. மரபு அல்லது சமயக் காரணம் கருதி விலக்கு வேண்டுவோர் உரிமையாளருக்குத் தபால் மூலம் விண்ணப்பிக்கலாம். விருந்தினரின் வருகைக்கு முன்னதாகப் பதில் அனுப்பப்படும்."

முதல் வாக்கியம் தடை, இரண்டாவது விலக்கு, மூன்றாவது காலக்கெடு. தலைமைச் செயலகத்தில் சார்புச் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இத்தனை அடக்கமாக, இத்தனை முழுமையாக எழுதப்பட்ட விதியை அரசாணைகளில்கூட அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். அந்த மயக்கத்தில் மூன்றாவது வாக்கியத்தை நம்பிவிட்டேன்.

விடுதியைப் பதிவு செய்தது மருமகள். அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் பே ஏரியாவிலிருந்து வடக்கே அரை நாள் கார் பயணம். மலையில் இயற்கையாக வெந்நீர் ஊறும் இடத்தில் ஒரு ஜப்பானியக் குடும்பம் தங்கள் நாட்டு முறைப்படியே விடுதி கட்டியிருக்கிறது. காலணிக்கு உள்ளே அனுமதியில்லை, அறையில் கட்டிலும் கிடையாது. கோரைப்பாய், மெத்தை, பருத்தி அங்கி. ஆண்களுக்கு ஒரு குளம், பெண்களுக்கு ஒரு குளம். மருமகளின் ஆபீசில் பாதிப் பேர் போய்விட்டு வந்து அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்களாம். என் மனைவிக்கு முழங்கால் வலி. வெந்நீர் நல்லது என்று எல்லா டாக்டர்களும் எப்போதும் சொல்வதை எங்கள் டாக்டரும் சொல்லியிருந்தார்.

"அத்தை, ஒரு விஷயம்," என்றாள் மருமகள், தயங்கித் தயங்கி. "அங்க காமன் பாத். டிரெஸ் எதுவும் போட்டுக்கக் கூடாது. உங்களுக்கு அன்கம்ஃபர்டபிளா இருந்தா சொல்லிடுங்க, வேற இடம் பாக்கலாம்."

"குளிக்கிறதுக்கு எதுக்குடி டிரெஸ்ஸு?" என்றாள் என் மனைவி. "எத்தனை பொம்பளைங்க வருவாங்க?"

மருமகள் எதிர்பார்த்தது வேறு பதில். அவள் சென்னையில் பிறந்து, கதவைத் தாழிட்டுக் குளித்து வளர்ந்தவள். என் மனைவி விருதுநகர்ப் பக்கம். ஊர்க் கிணற்றடியில் பெண்கள் கூட்டமாகக் குளித்துப் பேசித் தீர்த்த பிறகுதான் வீட்டு வேலையே தொடங்கும். இங்கே எங்கள் தெருவில் பெண்கள் இருக்கிறார்கள், கராஜ் கதவு திறந்து கார் வெளியே போகும்போது தெரியும். கை அசைப்பார்கள். மூன்று வருடங்களாகக் கை அசைத்துக்கொண்டே இருக்கிறார்கள். என் மனைவி வாய்விட்டுப் பேசும் பெண்கள் என்றால் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மட்டும்தான். அங்கேயும் பாதிப் பேச்சு பார்க்கிங் பற்றி.

அதனால் அவளுக்குப் போக வேண்டும். முழங்காலுக்காக அல்ல, முன்பின் தெரியாத நாலு பெண்களோடு தண்ணீரில் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த ஆசையை இத்தனை வெளிப்படையாக அவள் எதற்கும் காட்டி நான் பார்த்ததில்லை.

இந்த நிலையில்தான் விதிகளைப் படித்தேன். 'ஒப்புக்கொள்கிறேன்' என்ற கட்டத்தை வாசிக்காமலே டிக் செய்யும் தலைமுறை மருமகளுடையது. நான் அச்செடுத்து வாசித்தேன். பத்தி ஏழில் நின்றேன்.

என் மனைவியின் இடது முன்கையில், மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை, பச்சை. புள்ளிக் கோலம், அதன் நடுவில் வாலைத் தூக்கிக்கொண்டு ஒரு தேள். பத்து வயதில் ஊர்ப் பொங்கலின்போது குத்தியது. சென்னையில் அரசுக் குடியிருப்புக்கு வந்த முதல் வாரமே, மாடி வீட்டு அதிகாரியின் மனைவி அதைப் பார்த்துவிட்டு, "அடடே, நீங்க கிராமமா?" என்று கேட்டாராம். அன்றிலிருந்து முழுக்கை ரவிக்கை. சித்திரை வெயிலிலும் முழுக்கை. முப்பது வருடம். அமெரிக்கா வந்த பிறகு, கழுத்து வரை பச்சை குத்திய ஒரு பையன் பூங்காவில் அவளை நிறுத்தி, அந்தத் தேளைப் போட்டோ எடுத்துக்கொள்ள அனுமதி கேட்டான். மறுநாள் டெய்லரிங் கத்திரியை எடுத்து எல்லா ரவிக்கைக் கைகளையும் வெட்டிவிட்டாள்.

பத்தி ஏழு அந்தக் கைகளை மறுபடி நீட்டச் சொன்னது.

ஜப்பானில் பச்சை குத்தியவர் என்றால் ரவுடிக் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்று ஒரு பழைய பயமாம். அதனால்தான் இந்தத் தடை என்று மகன் சொன்னான். சரி, காரணம் தெரிந்தால் விண்ணப்பம் எளிது. ஒரே பக்கத்தில் எழுதினேன். பொருள், பார்வை எல்லாம் முறைப்படி. விண்ணப்பதாரரின் கையிலுள்ள கோலம் மரபு சார்ந்தது. பெற்றோரின் சம்மதத்துடன் குத்தப்பட்டது. விண்ணப்பதாரர் எந்தக் கும்பலிலும் உறுப்பினர் அல்லர். இணைப்பாக, அவளுடைய எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தின் நகலும் மொழிபெயர்ப்பும். அதில் 'அங்க அடையாளங்கள்' என்ற இடத்தில், தலைமையாசிரியரின் கையெழுத்தோடு, "இடது முன்கையில் பச்சை குத்திய தேள்" என்று இருக்கிறது. அரசு அங்கீகாரம் பெற்ற தேள் அது. அதற்கு மேல் ஒரு விடுதிக்கு என்ன வேண்டும்?

பதில் வரவில்லை. நினைவூட்டு ஒன்று அனுப்பினேன். பிறகு நினைவூட்டு இரண்டு. எங்கள் வீட்டுக்கு வரும் ஒவ்வொரு தபாலின் வலது மூலையிலும், வந்து சேர்ந்த தேதியைப் பென்சிலால் குறிப்பது என்னை விட்டுப் போகாத பழக்கம். பீட்சா கூப்பனுக்கும் அந்த மரியாதை உண்டு. அந்த மாதம் முழுவதும் கூப்பன்களுக்குத்தான் தேதி போட்டேன்.

"அப்பா, ஒரு போன் அடிச்சுக் கேட்டா முடிஞ்சு போச்சு," என்றான் மகன்.

"எழுத்துல கேட்டதுக்குப் போன்ல பதில் வாங்கினா அது பதில் இல்லடா. நாளைக்கு யார் சொன்னது, எப்ப சொன்னதுன்னு ஒரு ஆதாரமும் இருக்காது."

"அப்ப என்ன பண்ணப் போறீங்க?"

"வருகைக்கு முன் பதில் அனுப்பப்படும்னு அவங்களே போட்டிருக்காங்க. அனுப்பலைன்னா அனுமதி அளித்ததாகக் கருதப்படும். கட்டட அனுமதியிலேயே அப்படி உண்டு."

"இது கட்டடம் இல்லப்பா. அம்மா."

மனைவியிடம் எதையும் மறைக்கவில்லை. பதில் வரவில்லை என்பதையும், வராவிட்டால் என் வாதம் என்ன என்பதையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "அங்க போய் எல்லார் முன்னாடியும் எந்திரிச்சு வெளிய போன்னு சொல்லிருவாங்களா?" என்று மட்டும் கேட்டாள். சொல்ல மாட்டார்கள் என்றேன். அந்தச் சொல்லுக்கு என்னிடம் பார்வைக் குறிப்பு எதுவும் இல்லை.

*

மலைப்பாதை முழுவதும் மழை. விடுதிக்குப் போய்ச் சேர்ந்தபோது மதியம் தாண்டியிருந்தது. வாசலில் காலணியைக் கழற்றியதும் செருப்பு தந்தார்கள், கோரைப்பாயை மிதிக்கும் முன் அந்தச் செருப்பையும் வாங்கிக்கொண்டார்கள். அறையில் நான்கு பருத்தி அங்கிகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. நான் வலது மடிப்பு மேலே வரும்படி கட்டிக்கொண்டு நின்றேன். தேநீர் கொண்டுவந்த பெண்மணி என்னைப் பார்த்ததும் தட்டைக் கீழே வைத்துவிட்டு, பதற்றமாகக் கையை ஆட்டி, இடது மடிப்புதான் மேலே இருக்க வேண்டும் என்றார். வலது மேலே வந்தால் அது பிணத்துக்குக் கட்டும் முறையாம்.

"இதுலயும் விதி இருக்கு பாருங்க," என்றாள் மனைவி. "உங்களுக்கே தெரியாத விதி."

அந்தப் பெண்மணிதான் விடுதியின் மேலாளர். நாற்பதைத் தாண்டியவர், சுத்தமான அமெரிக்க ஆங்கிலம், ஆனால் உட்காருவதும் எழுவதும் குனிவதும் வேறு ஒரு நாட்டு அளவில். எங்கள் எதிரே மண்டியிட்டு ஒவ்வொரு கோப்பையாக ஊற்றினார். என் மனைவி கோப்பையை வாங்க இரு கைகளையும் நீட்டினாள். அந்த அங்கியின் கை அகலமானது. நீட்டிய வேகத்தில் முழங்கை வரை சரிந்தது.

மேலாளரின் கெட்டில் நின்றது. தேநீர் கோப்பையில் பாதிதான் இருந்தது.

 மனைவி கையை இழுத்துக்கொள்ளவில்லை. நான் அதைக் கவனித்தேன். நீட்டிய கை நீட்டியபடியே, தேள் அறையின் நடுவில், எல்லோருக்கும் பொதுவாக.

மேலாளர் மீதித் தேநீரை ஊற்றி முடித்துவிட்டு, மன்னிக்க வேண்டும் என்று தொடங்கினார். அவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் நான் பையிலிருந்து விண்ணப்பத்தின் நகலையும் இரண்டு நினைவூட்டுகளையும் எடுத்து அவர் முன் வைத்தேன். நிதானமாக, ஒரு வரி விடாமல் படித்தார். இணைப்பையும் படித்தார். அங்க அடையாளம் என்ற வரியில் கொஞ்ச நேரம் இருந்தார்.

"இது உரிமையாளருக்கு எழுதப்பட்டிருக்கிறது," என்றார்.

"உங்கள் விதி அப்படித்தான் சொல்கிறது."

"உரிமையாளர் என் மாமியார். மலைக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று கீழே டவுனில் இருக்கிறார். கடிதங்களுக்கு அவரேதான் கையால் பதில் எழுதுவார்."

"எங்களுக்கு எழுதவில்லை."

"எல்லாக் கடிதத்துக்கும் எழுதுவார்," என்றார் மேலாளர். "எப்போது என்பதுதான்."

பிறகு எழுந்து போய் ஒரு சிறிய பெட்டியோடு வந்தார். பச்சையை மறைப்பதற்கான ஒட்டுத்துணிகள், உள்ளங்கை அளவில். இவற்றால் மூடிக்கொண்டால் யாருக்கும் பிரச்சினையில்லை. பல விருந்தினர்கள் இப்படிச் செய்கிறார்கள் என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அதுதான் இன்னும் சிரமமாக இருந்தது. முதல் துணியைப் பிரித்து மனைவியின் மணிக்கட்டுக்கு மேலே பிடித்துக் காட்டினார். ரோஜா நிறம்.

மனைவி அதைத் தன் கையோடு வைத்துப் பார்த்தாள். "இது வெள்ளைக்காரங்க தோல் கலர்ல இருக்கு. இதை ஒட்டினா, இல்லாததும் இருக்கிற மாதிரி தெரியும்."

மருமகள் இதை மொழிபெயர்க்கவில்லை. "அத்தை, ப்ளீஸ். ஒரு ரெண்டு நாள்தானே. உள்ள தண்ணியில யார் பாக்கப் போறாங்க?"

"யாரும் பாக்கலைன்னா எதுக்கு ஒட்டணும்?"

"அம்மா, சீன் பண்ணாத," என்றான் மகன்.

அவள் குரல் உயரவில்லை. "நான் ஒரு சீனும் பண்ணலை. முப்பது வருஷம் மூடி வச்சாச்சு. இனிமே என்னால ஆகாது. நீங்க மூணு பேரும் போய்க் குளிச்சிட்டு வாங்க. நான் ரூம்ல இருக்கேன். இங்க ஜன்னலும் நல்லாத்தான் இருக்கு."

மேலாளர் தனிக் குளியல் தொட்டி ஒன்று இருப்பதாகவும், அதை எங்களுக்காக ஒதுக்கித் தருவதாகவும் சொன்னார். மருமகள் இதை உடனே மொழிபெயர்த்தாள், மலர்ந்த முகத்தோடு.

"தனியாக் குளிக்க நம்ம வீட்டு பாத்ரூம் போதுமே," என்றாள் மனைவி. "அதுக்கா இவ்வளவு தூரம் வந்தேன்?"

மேலாளர் தலை தாழ்த்திவிட்டு, ஒட்டுத்துணிப் பெட்டியை மேசையின் ஓரத்தில் வைத்துவிட்டுப் போனார். இரவுச் சாப்பாடு வரை அது அங்கேயே இருந்தது. மகன் ஒரு முறை அதைச் சுவரோரம் நகர்த்தினான். கொஞ்ச நேரத்தில் மருமகள் அதைப் பழைய இடத்துக்கே நகர்த்தினாள். மழை விடவில்லை. ஜன்னல் வழியே, கீழே, பெண்கள் குளத்தின் வாசலில் தொங்கும் சிவப்புத் திரை தெரிந்தது. இரண்டு வெள்ளைக்காரப் பெண்கள் சிரித்தபடி உள்ளே போனார்கள். மனைவி அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளைப் பார்க்காமல் இருக்க, சுவரில் மாட்டியிருந்த விதிகளை மறுபடி படித்தேன். ஒரு எழுத்தும் மாறவில்லை.

சாப்பாட்டில் குறை சொல்ல எதுவுமில்லை. குறை சொல்லும் தெம்பும் யாருக்கும் இல்லை. பதினைந்து சின்னச் சின்னக் கிண்ணங்கள். ஒவ்வொன்றையும் மூடி திறந்து, மூடி வைத்தோம். "நீங்க அந்த லெட்டரே எழுதியிருக்கக் கூடாதுப்பா," என்றான் மகன். "எழுதாம இருந்திருந்தா யாரும் கேட்டிருக்க மாட்டாங்க."  அதிகாரிகள் எல்லோருமே தங்கள் வாழ்க்கையில் ஒரு முறையாவது கேட்கும் வசனம்தான் அது.

சாப்பாட்டுத் தட்டுகளை எடுக்க மேலாளர் வந்தபோது, மாமியாருக்குப் போன் செய்ததாகச் சொன்னார். எடுக்கவில்லையாம். இன்னொரு முறை முயல்வதாகச் சொன்னார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை நாள் நான் பதிலுக்காகக் காத்திருந்தேன். ஆனால் தூக்கக் கலக்கத்தில் போனை எடுக்கும் ஒரு மூதாட்டி, எதிர்முனையில் தன் மருமகள் அவசரமாக ஏதோ கேட்க, என்ன சொல்லுவார்? எந்த மேலதிகாரியும் தெரியாத கோப்பைப் பற்றிப் போனில் கேட்டால் ஒன்றே ஒன்றுதான் சொல்லுவார்: கூடாது.

"தயவுசெய்து போன் செய்யாதீர்கள்," என்றேன்.

மேலாளர் நிமிர்ந்து பார்த்தார். மகனும் மருமகளும் பார்த்தார்கள்.

"விண்ணப்பம் உரிமையாளரின் பரிசீலனையில் இருக்கிறது," என்றேன். "முடிவெடுக்கும் அதிகாரம் அவருக்கு. அது அவர் மேசையில் இருக்கும் வரை வேறு யாரும் முடிவு சொல்ல முடியாது. நீங்கள் உட்பட. ஆமாம் என்றும் சொல்ல முடியாது."

அவர் புரிந்துகொண்டார். "இல்லை என்றும் சொல்ல முடியாது என்கிறீர்கள்."

"நான் சொல்லவில்லை. நடைமுறை சொல்கிறது."

"ஆனால் முடிவு வரும் வரை பொதுவிதிதான் இருக்கும். குளிக்கக் கூடாது என்பது."

"முடிவு வரும் வரை இருக்கும் நிலை தொடரும். இந்தக் கை உங்கள் விடுதிக்கு முன்பிருந்தே இருக்கும் நிலை."

மனைவி மருமகளிடம் கேட்டாள். "என்ன சொல்றாரு இந்த மனுசன்?"

மருமகள் சுருக்கினாள். "மாமியார் பதில் சொல்ற வரைக்கும் மருமக வாயே திறக்கக் கூடாதுன்னு சொல்றாரு அத்தை."

"அட, அது எல்லா ஊர்லயும் உள்ளதுதானே!" என்றாள் என் மனைவி, மேலாளரைப் பார்த்து, தமிழிலேயே. அன்றைக்கு முதல் முறையாக அவள் குரலில் ஒரு வெளிச்சம்.

மேலாளர் இதை மொழிபெயர்க்கச் சொன்னார். மருமகள் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. மடியில் கையை வைத்துக்கொண்டார். பிறகு என்னிடம் அல்ல, என் மனைவியிடம் பேசினார். மருமகள் மெல்ல மெல்ல தமிழில் சொன்னாள்.

"என் மாமியாரின் மேசையில் ஒரு கடிதம் இருக்கும்போது, அதற்கு இந்த வீட்டில் வேறு யாரும் பதில் சொல்லுவதில்லை. ஆகையால் நீங்கள் குளிக்கலாம் என்று நான் சொல்லவில்லை. கூடாது என்றும் சொல்லவில்லை. ஆனால் உள்ளே மணி இருக்கிறது. எந்த விருந்தினராவது மணி அடித்துக் குறை சொன்னால் நான் உள்ளே வர வேண்டியிருக்கும். வந்தால், உங்களை எழுந்திருக்கச் சொல்ல வேண்டியிருக்கும். அது எனக்கு மிகவும் கஷ்டமாக இருக்கும்."

அதாவது, மதியம் இல்லாத அபாயம் இப்போது இருந்தது. அறையில் உட்கார்ந்திருந்தால் அவளுக்கு ஏமாற்றம் மட்டும். இறங்கினால், முன்பின் தெரியாத பெண்கள் முன்னால், உடுப்பில்லாமல், எழுந்து வெளியே போகச் சொல்லப்படலாம். அவள் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி அதுதான். நான் கொடுத்த உறுதிமொழியும் அதுதான்.

"வேண்டாம்," என்றேன். "தனித் தொட்டியே இருக்கட்டும்."

"நீங்க வாதாடுனது போதும்," என்றாள் அவள், எழுந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு. மருமகளைப் பார்த்து, "நீ வரலைன்னாலும் பரவால்லடி. உனக்குக் கூச்சம்."

மருமகள் கழுத்து வரை சிவந்திருந்தாள். துண்டை எடுத்துக்கொண்டாள். "வரேன் அத்தை. ஆனா என்னைப் பாக்காதீங்க."

"உன்னைப் பாக்கவா நான் போறேன்?"

*

ஆண்கள் குளத்துக்கும் பெண்கள் குளத்துக்கும் நடுவே மூங்கில் தட்டி. மேலே திறந்த வானம். ஆவியும் மழைத்தூறலும் ஒன்றையொன்று கடந்து போய்க்கொண்டிருந்தன. மகனும் நானும் எதிரெதிர் மூலைகளில் உட்கார்ந்து, ஒருவரை ஒருவர் பார்க்காதபடி ஒரே மரத்தைப் பார்த்தோம். ஒன்றாம் வகுப்புக்குப் பிறகு அவனை நான் இந்தக் கோலத்தில் பார்த்ததில்லை. அவன் என்னை எப்போதுமே பார்த்ததில்லை. அதைப் பற்றி இருவருக்கும் பேச்சில்லை. கேட்கத்தான் வந்திருந்தோம்.

தட்டிக்கு அந்தப் பக்கம் தண்ணீர் அள்ளி ஊற்றும் சத்தம். "ஸ்ஸ்... கொதிக்குது!" என்று மருமகள். "மெதுவா, மெதுவா இறங்கு," என்று மனைவி. ஆங்கிலத்தில் இரண்டு குரல்கள், நிதானமாக, நாய்களைப் பற்றி ஏதோ. அவர்கள் முன்பே உள்ளே இருந்தார்கள் போலும்.

குரல்கள் நின்றன.

மகன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். மரத்தைப் பார்க்கும் நடிப்பை இருவரும் விட்டுவிட்டோம்.

யாரோ தண்ணீரில் நகர்ந்தார்கள். பிறகு மணி. சின்ன, சுத்தமான ஒலி.

நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"அப்பா! உக்காருங்கப்பா!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான் மகன். "நீங்க எங்க போகப் போறீங்க?"

அவன் கேட்டது நியாயம். அந்தத் தட்டிக்கு அப்பால் எனக்கு எந்த அதிகார வரம்பும் இல்லை. உட்கார்ந்தேன்.  மரச் செருப்புகளின் சத்தம் நடைபாதையில் வந்தது. தட்டிக்கு அந்தப் பக்கம் நின்றது. ஒரு பெண் ஏதோ கேட்டாள். சொற்கள் தெரியவில்லை, கேள்வி என்பது மட்டும் தெரிந்தது. மேலாளரின் தாழ்ந்த குரல் ஏதோ சொன்னது. இன்னொரு கேள்வி. இன்னொரு பதில், இன்னும் சுருக்கமாக. பிறகு எதுவுமே இல்லை. 'எழுந்து வாருங்கள்' என்பதை ஆங்கிலத்தில் எத்தனை மரியாதையான வழிகளில் சொல்லலாம் என்று என் மனம் வரைவு எழுதிக்கொண்டிருந்தது.

சிரிப்பு வெடித்தது. ஒருத்தி அல்ல, பல பேர். முதலில் ஆங்கிலக் குரல் ஒன்று, அதன்மேல் மருமகள், ஒரு கணம் தள்ளி, மொழிபெயர்ப்புக்கான நேரம் எடுத்துக்கொண்டு, என் மனைவி. அவளுடைய அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும். அடுப்படியில் தனியாகச் சிரிப்பது அல்ல. கல்யாண வீட்டில், மற்ற பெண்கள் நடுவே சிரிப்பது.

மரச் செருப்புகள் திரும்பிப் போயின.

"என்னப்பா நடக்குது?" என்றான் மகன்.

"தெரியலை," என்றேன். எனக்குத் தெரியாத ஒரு நடைமுறை அங்கே நடந்து முடிந்திருந்தது.

அறைக்கு வந்த பிறகு மருமகள்தான் சொன்னாள். இரண்டு பெண்களில் மூத்தவள் மணி அடித்து, 'இது அனுமதிக்கப்பட்டதுதானா?' என்று கேட்டிருக்கிறாள். மேலாளர், 'பரிசீலனையில் இருக்கிறது' என்றிருக்கிறார். 'யாருடைய பரிசீலனையில்?' 'என் மாமியாருடைய பரிசீலனையில்.' அவ்வளவுதான். இளையவள் முதலில் சிரித்திருக்கிறாள்.

"மூத்தவளும் சிரிச்சாளா?" என்று கேட்டேன்.

"இல்ல மாமா. அவங்க எந்திரிச்சுப் போயிட்டாங்க. ரொம்ப டீசன்ட்டா குட் நைட் சொல்லிட்டுத்தான் போனாங்க. ஆனா போயிட்டாங்க."

மனைவி தலை துவட்டிக்கொண்டிருந்தாள். "போகட்டும். அவ இஷ்டம். நம்மள யாரும் போகச் சொல்லலை இல்ல?" பிறகு, "அந்த இன்னொருத்தி பக்கத்துல வந்து உக்காந்தா. புள்ளி எல்லாம் எப்படி இணையுதுன்னு கேட்டா. நான் விரல வச்சுக் காட்டினேன். அவளுக்கும் மாமியார் இருக்காளாம். எப்பா, என்ன பேச்சு!"

"அவ பேசினது உனக்குப் புரிஞ்சுதா?"

"மாமியாரைப் பத்திப் பேசினா எந்தப் பாஷையும் புரியும்."

மறுநாள் காலையிலும் போனாள். மாலையிலும். மணி அடிக்கவில்லை; ஒவ்வொரு முறையும் அடிக்குமோ என்று நான் மட்டும் வெளியே பெஞ்சில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கிளம்பும்போது மேலாளர் வாசலில் மண்டியிட்டு எங்கள் காலணிகளைத் திசை திருப்பி வைத்தார். என் மனைவியின் கையை, தேள் இருக்கும் கையை, ஒரு கணம் இரு கைகளாலும் பிடித்தார். ஒட்டுத்துணிப் பெட்டி அப்படியே மேசையில் இருந்தது. நான் அதை வரவேற்பறையில் திருப்பி ஒப்படைத்தேன். மேலாளர் பிரித்துக் காட்டிய ஒரு துணி குறைவு என்றும் சொன்னேன்.

வீடு திரும்பிய பிறகு, பணிக்காலம் முழுவதிலும் செய்யாத ஒன்றைச் செய்தேன். நினைவூட்டு மூன்றை எழுதவில்லை. நிலுவையில் உள்ள கோப்பு ஒரு நல்ல இடம். அங்கே யாரும் தோற்பதில்லை. மாசி மாதம் மறுபடி போக மருமகள் பதிவு செய்தாள். இந்த முறை பத்தி ஏழைப் படித்துவிட்டு டிக் செய்தாளாம்.

பிறகு ஒரு காலை, கூப்பன்களுக்கு நடுவே, கையால் விலாசம் எழுதிய ஒரு மெல்லிய உறை. பேனாவால், நடுங்கினாலும் நேராக நிற்கும் ஆங்கில எழுத்து. தங்கள் கடிதம் கிடைத்தது. தாமதத்துக்கு வருந்துகிறேன். தங்கள் மனைவியின் கையிலுள்ள உருவத்தைப் பார்க்காமல் நான் முடிவு சொல்ல இயலாது. ஒரு புகைப்படம் அனுப்பினால் பரிசீலிப்பேன். இதற்கிடையில் தாங்கள் வந்து தங்கியதாக அறிகிறேன். நீர் போதுமான சூடாக இருந்ததா என்பதையும் தெரிவிக்கவும்.

மகன் இரண்டு முறை படித்தான். "அப்பா, அனுப்பாதீங்க. அனுப்பலைன்னா பென்டிங்லயே இருக்கும். மாசியிலயும் பிரச்சினை இல்லாமப் போயிட்டு வந்திரலாம்."

நானும் அதையேதான் நினைத்தேன். இவ்வளவு சீக்கிரம் தொழில் கற்றுக்கொண்டானே என்று கொஞ்சம் பெருமையும் வந்தது.

"ஏன், அனுப்பினா என்ன?" என்றாள் மனைவி.

"கூடாதுன்னு எழுதிட்டாங்கன்னா? மாசிப் பயணமே போயிரும்மா."

"எழுதட்டும். பாத்துட்டு எழுதட்டும்." அவள் ஜன்னலோரம் போய், வெளிச்சம் விழும் பக்கம் கையை நீட்டினாள். "மாடி வீட்டம்மாவும் சரி, அந்தக் குளத்துல எந்திரிச்சுப் போனவளும் சரி, ஒழுங்காப் பாத்தாளா? இந்தக் கிழவிதான் பாக்கணும்னு கேட்டிருக்கா. நான் எதுக்கு ஒளிச்சு வைக்கணும்? எடுங்க. கொடுக்கு நல்லாத் தெரியணும்."

எடுத்தேன். முதல் படத்தில் என் நிழல் விழுந்துவிட்டது என்று மறுபடி எடுக்கச் சொன்னாள். இரண்டாவதில் கோலம், புள்ளிகள், தூக்கிய வால், எல்லாம் விழுந்திருந்தன. அவள் அதை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கடிதத்தை மேசையில் விரித்து, பென்சிலைச் சீவி, வலது மூலையில் குறித்தேன்: பெறப்பட்ட நாள், ஜனவரி பதின்மூன்று, போகி.